பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா?

கேள்வி: மகள் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். இவ்வளவு நாளும் பழைய லெப்டொப்பில் சமாளித்தாள். இனி முடியாது, டெஸ்க்டொப் வேண்டும் என்கிறாள். மொனிட்டரோடு சேர்த்து மூன்றரை இலட்சம் வரை போகலாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் சாமான் வாங்கி, வீட்டில் வைத்துத் தானே பூட்டித் தருவதாக என் அக்காவின் மகன் சொல்கிறான். எனக்கோ, பெயர் தெரிந்த கம்பனியின் கணினியை மூன்று வருட வாரண்டியோடு ஷோரூமில் எடுத்துவிட்டால் தலையிடி இல்லை என்று படுகிறது. எங்கள் ஃபிளாட் கடற்கரைப் பக்கம், உப்புக் காற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். எது நல்லது? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: மகளின் வேலைக்கு, சாமான் வாங்கிப் பூட்டும் கணினிதான் சரி. ஆனால் மருமகன், அதாவது உங்கள் அக்காவின் மகன், அதை வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டாம். எந்தெந்தப் பாகம் என்று பட்டியலை அவர் போடட்டும். சாமான் எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுத்து, அங்கேயே பூட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அநேகமான கடைகள் இதைச் செய்து தருகின்றன.

ஷோரூமை ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த விலைக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் அலுவலக மேசைக்கென்று செய்த கணினி. கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க அதைவிட நல்லது இல்லை. வீடியோ எடிட்டிங்குக்கு கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று போடலாம் என்று திறந்தால்தான் சிக்கல் தெரியும். உள்ளே இருக்கும் பவர் சப்ளை பல மொடல்களில் 200, 300 வாட்தான். கார்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தனி வயரும் இருக்காது. சரி, பெரியதாக மாற்றுவோம் என்றால் டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே அலுவலக மொடல்கள் பலவற்றில் தங்களுக்கே உரிய அளவிலும் பிளக்கிலும் பவர் சப்ளை, மதர்போர்ட் வைக்கின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதற்குள் பொருந்தாது. மூன்று வருட வாரண்டி இருக்கும், மகளின் வேலை நடக்காது.

இனி மருமகனின் பட்டியல். அதில் நான் முதலில் பார்ப்பது புரொசெசர் பெயரின் கடைசி எழுத்தை. இன்டெல் ஐ5-12400 என்றும் 12400எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, விலையும் குறைவு. கேம் விளையாடும் பிள்ளைகள் எஃப்தான் எடுப்பார்கள், தனியாகக் கார்ட் போடுவதால் அவர்களுக்கு அது போதும். எடிட் செய்பவருக்குக் கதை வேறு. இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்று ஒரு பகுதி இருக்கிறது. கமெராவிலிருந்து சுருங்கி வரும் எச்.264, எச்.265 வீடியோவை விரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. இப்போதைய கமெராக்கள் பல 10-பிட் 4:2:2 என்ற வகையில் படம் பிடிக்கின்றன. அந்த வகை எச்.265 வீடியோவை என்விடியாவின் 50 வரிசைக்கு முந்திய கார்டுகளால் விரிக்க முடியாது. 12400 இன் உள் கிராஃபிக்ஸ் விரித்துவிடும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதும் வழுக்கிக்கொண்டு ஓடுவதும் பல நேரம் இதில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே இந்த ஒரு இடத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ரேம் 32 ஜிபி இருந்தால் நல்லது. ஆனால் 2025 இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். குருஷியல் என்ற பெயரில் நமக்கு ரேம் விற்றுவந்த மைக்ரோன் கம்பனியே அந்தச் சில்லறை வியாபாரத்தை விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பணம் இடித்தால் நான்கு ரேம் ஸ்லொட் உள்ள மதர்போர்டாக எடுத்து, இப்போதைக்கு 8 ஜிபி இரண்டு போடுங்கள். ஒற்றையாக ஒரு 16 போடுவதைவிட இரண்டு எட்டு வேகம். மீதி இரண்டு ஸ்லொட்டையும் பிறகு நிரப்பலாம்.

பவர் சப்ளையில் மட்டும் கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்டாதீர்கள். மலிவான கேஸ்களோடு, அதாவது கணினியின் வெளிப்பெட்டிகளோடு, சேர்ந்தே ஒன்று வரும், மேலே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள், பாரமே இருக்காது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த ஒன்றைத் தனியாக எடுங்கள். இது கெட்டால் தனியாகப் போகாது, பக்கத்தில் இருப்பதையும் சில வேளை கூட்டிக்கொண்டு போகும்.

சரி, வீட்டில் பூட்ட வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? மருமகனின் கைத்திறமையில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று நான்கு கடையில் நான்கு சாமான் வாங்கிப் பூட்டி, கடைசியில் திரையில் படம் வராவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். ரேம் விற்றவர் மதர்போர்டைச் சொல்வார், மதர்போர்ட் விற்றவர் புரொசெசரைச் சொல்வார். ஒரே கடை, ஒரே பில் என்றால் முழுக் கணினியையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வரலாம்.

அந்தப் பில்லை வாங்கியவுடன் மடித்துப் பையில் போடாமல், அடியிலோ பின்பக்கத்திலோ உள்ள பொடி எழுத்தை வாசியுங்கள். இங்கே பல கடைகளின் பில்லில் ஒரு வருடம் என்றால் 350 நாள், மூன்று வருடம் என்றால் 1050 நாள் என்று அச்சடித்திருக்கும். அவர்களுடைய நாட்காட்டி அப்படி! அதற்குக் கீழே வாரண்டி எதற்கெல்லாம் செல்லாது என்று வரும்: எரிந்த அடையாளம், உடைவு, மின்னல், மின்சார ஏற்ற இறக்கம், கறள். உப்புக் காற்று வீட்டுக்காரர் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிச் சொல். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கிறதா, பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பெட்டிகளை எறியாதீர்கள், வாரண்டிக்குப் போகும்போது சில இடங்களில் கேட்பார்கள். ஃபிளாட்டில் அவற்றை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

கறள் முதலில் தெரிவது பின்பக்கத் திருகாணித் தலைகளிலும் யூஎஸ்பி ஓட்டைகளின் உலோக விளிம்பிலும்தான். கடல் பார்த்த ஜன்னலுக்கோ பல்கனிக் கதவுக்கோ நேரே கணினியை வைக்காதீர்கள். உப்புத் தூசி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தூசி வலையை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். தினமும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். வாரக்கணக்கில் மூடி வைத்ததுதான் சீக்கிரம் கெடும். ஆகவே வீடியோ வேலை இல்லாத நாட்களிலும் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள்.

மூன்றரை இலட்சத்துக்குள் யூபிஎஸ்ஸுக்கும் இடம் விடுங்கள். 2022 இல் 13 மணி நேரம் வரை போன மின்வெட்டு இப்போது இல்லை என்றாலும், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடியோடு கரண்ட் போய்வருவது நிற்கவில்லை. கடையில் சும்மா கேட்டால் 650 விஏ எடுத்துத் தருவார்கள். அது ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் மொனிட்டரும் சேர்ந்து இழுக்கும்போது போதாமல் போகலாம். 1000 விஏக்குக் குறையாமல் எடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெஸ்க்டொப் ஒன்று மலிவாக வருகிறது. ஐ5 ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 போட்டிருக்கிறது என்கிறார்கள். மகனின் ஏ.எல். படிப்புக்கும் ஸூம் வகுப்புக்கும் போதுமா? – கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: எஸ்எஸ்டி இருந்தால் வேகம் போதும். விண்டோஸ் 11தான் உதைக்கிறது. மைக்ரோசொஃப்டின் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். ஆறாம் தலைமுறையில் அதைக் குறுக்கு வழியில் ஏற்றியிருப்பார்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். பழைய விண்டோஸ் 10க்குப் போகலாம் என்றால் அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஐ5-8500 உள்ளதைத் தேடுங்கள். 6500 இல் நான்கு கோர், இதில் ஆறு. கேஸில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது தனியாகவும் விற்பனைக்குக் கிடைக்கும். கணினியைப் போட்டு, செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்தால் புரொசெசரின் முழுப்பெயர் வரும்.

கேள்வி: வாங்கி ஐந்து வாரத்தில் கிராஃபிக்ஸ் கார்டில் படம் வரவில்லை. 'எரிந்த அடையாளம் இருக்கிறது, வாரண்டி இல்லை' என்று கடையில் திருப்பிவிட்டார்கள். என் கண்ணுக்கு ஒரு கறுப்பும் தெரியவில்லை. யாரிடம் போவது? – தெஹிவளை வாசகர்

பதில்: முதலில் கடைக்கே திரும்பப் போய், எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லி ஃபோட்டோ எடுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும். அவர்கள் மழுப்பினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள். கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி, 27ஆம் இலக்கத்தில் இருக்கிறது; தொலைபேசி 1977. ஃபோனில் சொன்னதோடு நிறுத்த வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது. 'அடுத்த கிழமை வாங்க' என்று கடைக்காரர் இழுத்துக்கொண்டே போனால் மீதியும் போய்விடும். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. பில்லின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை யாரிடமும் விடாதீர்கள்.

கேள்வி: கணினிக் கடையில் வங்கிக் கார்டில் கட்டினால் மூன்று வீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? – பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: வங்கியோடு கடைக்காரர் செய்யும் ஒப்பந்தம் அதை அனுமதிப்பதில்லை, உங்களுக்குக் கார்ட் தந்த வங்கியிடம் முறையிடலாம். ஆனால் அவர் கெட்டிக்காரராக இருந்தால் கூடிய விலையையே விலை என்று எழுதிவிட்டு, காசாகத் தந்தால் கழிவு என்பார். அப்போது வங்கிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் விலை கேட்கும்போதே கார்ட் விலையைக் கேட்டு, அதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அது எத்தனை நாள் செல்லும் என்றும் கேளுங்கள். ரேம் விலை இருக்கும் நிலையில் நேற்றைய கொட்டேஷனை இன்று ஒத்துக்கொள்ளாத கடைகளும் உண்டு.