நகையை அடகு வைத்து நகை வாங்கும் தாய்மாமன்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. காரைக்குடி பக்கம் ஒரு நூற்பாலையில் எட்டு வருடமாக ஃபிட்டராக இருந்தேன். பிடித்தத்துக்கு முன் மாதம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. ஆகஸ்ட் கடைசியில் 'மறு அறிவிப்பு வரை ஆலை இயங்காது' என்று கேட்டில் ஒட்டிவிட்டார்கள். மூன்று மாதம் ஆகிறது. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கை முடித்துத் தருவதாக ஆபீஸில் சொல்கிறார்கள். இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலையில்லாக் காலத்துக்குப் பணம் தருவார்களாமே? போன் போட்டால் எடுப்பதில்லை. பிரவுசிங் சென்டர் தம்பி 5,000 ரூபாயும் ஓடிபியும் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். நேரில் போகலாம் என்றால் அந்தத் தெருவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேலை போனது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. வங்கியில் 1,80,000 நகைக்கடன் (9 சதவீதம்), அடகுக் கடையில் 90,000 (இரண்டு ரூபாய் வட்டி) இருக்கிறது. தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக இரண்டு பவுன் எதிர்பார்க்கிறார்கள். மனைவியின் மிச்ச நகையை ஃபைனான்ஸில் வைத்துச் செய்துவிடலாமா? பிஎஃப்பில் 2,10,000 இருக்கிறது. அதை எடுத்து டிஜிட்டல் தங்கத்தில் போடச் சொல்கிறான் மச்சினன் மகன். என்ன செய்வது?

பதில்: சிக்கனமாக இருங்கள், அவசரத்துக்குச் சேமிப்பு வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எட்டு வருடம் 18,000 ரூபாயில் குடும்பம் நடத்தியவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. வேலை போனதைச் சொந்தத்தில் சொல்லவில்லை, அதனால் சம்பளம் வந்த நாளில் செய்த முறையை அப்படியே செய்தாக வேண்டியிருக்கிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இஎஸ்ஐ வாசலையும் மிதிக்கவில்லை, அதனால் வர வேண்டிய பணமும் வரவில்லை. இப்படி மறைப்பதற்கு ஆகும் செலவை நகைக்கடனாக எழுதிக்கொண்டே போகிறீர்கள்.

முதலில் சீர்க் கணக்கு. பவுன் ஒரு லட்சத்தைச் சுற்றி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன் நகைக்கு இரண்டு லட்சம். சேதாரம், செய்கூலி பத்து சதவீதம் என்றால் 20,000. ஜிஎஸ்டி மூன்று சதவீதம், அது ஒரு ஆறாயிரத்துச் சொச்சம். ஆக 2,26,000. அடகில் பவுனுக்கு 75,000 கிடைத்தால், இந்தத் தொகைக்கு மனைவியின் மூன்று பவுன் உள்ளே போக வேண்டும். இரண்டு பவுன் கொடுக்க மூன்று பவுனை அடகு வைக்கிறீர்கள். ஃபைனான்ஸ் வட்டி மாதம் ஒன்றரை ரூபாய் என்றால் இதற்கு மட்டும் 3,400. ஏற்கெனவே வங்கிக்கு 1,350, அடகுக் கடைக்கு 1,800. மொத்தம் மாதம் 6,500 ரூபாயைத் தாண்டுகிறது, அதுவும் வெறும் வட்டி. வருமானமோ பூஜ்யம்.

வீட்டில் மொய் நோட்டு இருக்கும், எடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளின் காதுகுத்துக்கோ உங்கள் கல்யாணத்துக்கோ அக்கா வீட்டில் என்ன செய்தார்கள்? அரைப் பவுன் என்று எழுதியிருந்தால் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியதும் அரைப் பவுன்தான். இந்த இரண்டு பவுன் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். செட்டிநாட்டில் இது ஒரு சங்கடம். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் வளவு எனும் முற்றம் நிறைய வெள்ளியும் எவர்சில்வருமாகப் பரப்பி வைப்பதைப் பார்த்துப் பார்த்து, நூற்பாலை ஃபிட்டரும் அந்தக் கணக்கில் முறை செய்யப் பார்க்கிறார். அந்த வீடுகளுக்குப் பின்னால் பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சேர்த்த பணம் இருந்தது. உங்களுக்குப் பின்னால் இருப்பது அடகுச் சீட்டு.

அதனால் கார்த்திகை முடிவதற்குள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். போனில் பேசாதீர்கள். "மில்லு நின்னு மூணு மாசமாச்சு, இப்ப என்னால பவுன் போட முடியாது, பட்டும் மாலையும் சீர்த்தட்டும் நான் கொண்டு வர்றேன்" என்று நேராகச் சொல்லுங்கள். 10,000 ரூபாய்க்குள் முடியுங்கள். சபையில் குறைவாகத் தெரியும் என்று அக்கா வருத்தப்படலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் மனைவியின் நகை ஏலத்துக்குப் போனால் அக்காவால் மீட்டுத் தர முடியாது. நோட்டில் இருக்கும் அரைப் பவுனைச் சம்பளம் வந்த பிறகு ஒரு வளைகாப்பிலோ பேர் வைக்கும்போதோ செய்துகொள்ளலாம். முறைக்கு வட்டி கிடையாது.

இதைச் சொல்லிவிட்டால் எந்தத் தெருவில் எந்த ஆபீஸ் இருந்தாலும் நீங்கள் பகலிலேயே போகலாம். இனி இஎஸ்ஐ விஷயம்.

அங்கே உங்களுக்குப் பொருந்தக்கூடிய திட்டங்கள் இரண்டு. ஒன்று, 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வேலை போனவருக்கு அவருடைய சராசரி தினச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளைக்குத் தருவார்கள், வாழ்நாளில் ஒரு முறை. குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாப் பருவத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று பருவங்களில் ஏதாவது ஒன்றிலும் அதேபோல. எட்டு வருடம் விடாமல் போனவருக்கு இதில் சிக்கல் வராது. வேலை போய் 30 நாள் கழிந்தால் கேட்கலாம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். கணக்கு இப்படி: இரண்டு வருடச் சம்பளம் 4,32,000, அதை 730 நாளால் வகுத்தால் 590 சொச்சம், அதில் பாதி 296, 90 நாளைக்கு ஏறக்குறைய 26,600 ரூபாய். விடுப்பில் சம்பளம் பிடித்திருந்தால் கொஞ்சம் குறையும். இதைத் தவணை தவணையாகத்தான் நீட்டித்து வருகிறார்கள் என்பதால் மனுப் போடும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று 2005 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. உங்கள் சம்பளத்துக்கு மாதம் 9,000 வீதம் ஒரு வருடம், பிறகு 4,500 வீதம் ஒரு வருடம். இடையில் வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும். இரண்டு வருடமும் ஓடினால் 1,62,000 ரூபாய். ஒரே காலத்துக்கு இரண்டு திட்டத்திலும் வாங்க முடியாது. 26,600 எங்கே, 1,62,000 எங்கே! இதைத் தீர்மானிப்பது உங்கள் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான்.

அதனால்தான் அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் ஆலை மூடல், ஆட்குறைப்பு என்ற பேச்சே அடிபட்டுவிடும். ஆலை மூடினால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் என்ற இழப்பீட்டையும் கேட்க முடியாது. எட்டு வருடத்துக்கு அது 70,000 ரூபாயை ஒட்டி வரும். கிராஜுட்டி என்ற பணிக்கொடைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து வருடம் தாண்டியவருக்கு வேலை எப்படி முடிந்தாலும் அது வர வேண்டிய பணம்: 12,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, எட்டு வருடத்தால் பெருக்கினால் 55,000 சொச்சம். கேட்டில் ஒட்டிய அந்த அறிவிப்பைத் தேதி தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போய் எடுங்கள். பிறகு 'ஆலை மூடப்பட்டதா, தற்காலிக நிறுத்தமா, என் நிலை என்ன' என்று கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபாலை இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதிலேயே அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நகலைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். உங்களோடு வேலை பார்த்த நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மறைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்தத் துணையும் கிடைக்காது.

போன் எடுக்கவில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. இஎஸ்ஐயின் கட்டணமில்லா எண் 1800-11-2526. முயன்று பாருங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். கிளை அலுவலகத்துக்குக் காலையிலேயே நேரில் போங்கள். இஎஸ்ஐ எண், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, அந்தக் கேட் அறிவிப்பின் படம். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "இந்த இரண்டு திட்டத்தில் எது எனக்குப் பொருந்தும்" என்று கிளை மேலாளரையே கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கலாம். நம் ஊரில் பாதி மனு திரும்பி வருவது பேரால்தான்: ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், வங்கியில் பின்னால் இருக்கும், இஎஸ்ஐயில் அப்பா பேரே முழுசாக இருக்கும். போவதற்கு முந்தின நாள் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அசைவே இல்லை என்றால் மதுரை துணை மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லை என்றால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளத்தில் மனு. அங்கே 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று கெடு இருப்பதால் கோப்பு நகரும்.

பிரவுசிங் சென்டர் தம்பிக்கு 5,000 எதற்கு? மனு இலவசம். ஆன்லைனில் ஏற்றித் தர ஐம்பது, நூறு கேட்டால் கொடுங்கள், அது அவர் உழைப்பு. ஓடிபியை மட்டும் அவர் திரையில் நீங்களே அடியுங்கள். அதைச் சொல்லி அனுப்பினால் பிஎஃப் கணக்கின் சாவியையே கொடுத்த மாதிரி.

பிஎஃப் பணத்துக்கு வருவோம். இரண்டு லட்சம் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள். அது சும்மா இல்லை, 2024-25க்கு 8.25 சதவீத வட்டி வந்தது. ஆனால் அடகுக் கடையின் 90,000 வருடத்துக்கு 24 சதவீதம் தின்கிறது. 8.25 சம்பாதிக்கும் பணத்தை எடுத்து 24 கேட்கும் கடனை அடைப்பது மட்டுமே இந்தப் பணத்துக்கு இப்போது நியாயமான வேலை. வேலை போனால் 75 சதவீதம் வரை எடுக்கலாம். மிச்சக் கால்வாசியை 12 மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. உங்களுக்கு 90,000 போதும். ஆலை வேலை முடிந்த தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் நீங்களே குறிக்கலாம். காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் நிதானம், அங்கேயும் ராஜினாமா என்று குறித்துவிடாதீர்கள். ஏதாவது முட்டினால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டம்தோறும் பிஎஃப் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே போங்கள்.

டிஜிட்டல் தங்கம் என்று சொன்ன மருமகப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. வாங்கும்போது மூன்று சதவீதம் ஜிஎஸ்டி, விற்கும்போது விலையில் ஒரு வெட்டு. பணத்தைப் போட்ட மறுநாளே நஷ்டத்தில்தான் நிற்பீர்கள். அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டில் இல்லை என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்தது. வீட்டில் இருக்கும் உண்மைத் தங்கம் அடகில் கிடக்கும்போது செல்போனில் தங்கம் வாங்குவது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை.

வங்கி நகைக்கடன் 9 சதவீதம்தான், அது இருக்கட்டும். இஎஸ்ஐ பணம் வரத் தொடங்கியதும் அதற்கு மாதம் 1,350 வட்டியை மட்டும் விடாமல் கட்டிவாருங்கள். கிராஜுட்டி வந்தால் நேராக அதற்கே போகட்டும்.

இஎஸ்ஐ கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நீங்கள் கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை ஓடும். மாத்திரை, பரிசோதனை எதுவானாலும் அதுவரை கார்டைக் காட்டி டிஸ்பென்சரியில் வாங்குங்கள், கடையில் காசு கொடுக்காதீர்கள்.

வேலையும் தேடுங்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் மோட்டார், பெல்ட், பேரிங் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கும். வேலை போனதை வெளியே சொன்னால்தான் நாலு பேர் சொல்லி அனுப்புவார்கள். எங்கே சேர்ந்தாலும் பழைய யூஏஎன்னையும் பழைய இஎஸ்ஐ எண்ணையும் கொடுங்கள், புதிது வாங்காதீர்கள். பிஎஃப்பில் ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருடம் வேண்டும். எட்டு உங்களிடம் இருக்கிறது.