மூத்தாளின் பெயர் வெட்டிய டம்ளர்

அன்புள்ள அம்மா,

வணக்கம். சில மாதங்களாகப் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்வீட்டுப் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ரெபெக்கா’, ‘கேஸ்லைட்’, ‘த ஹாண்டிங்’ எல்லாம் பார்த்தாயிற்று. என் கணவருக்குப் பொறுமை இல்லை. “எல்லாம் ஒரே கதைதான். பெரிய வீடு, பூட்டிய அறை, கையில் மெழுகுவத்தியோடு ஒரு பெண். அவ்வளவு பயமாக இருந்தால் வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டியதுதானே, எதற்கு மாடி ஏறுகிறாள்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கோ பயம்கூடப் பெரிதாக வருவதில்லை. அந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. இது என்ன ரசனை அம்மா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன்: வெளியே போனால் அவள் எங்கே போவாள்?

இந்தப் படங்களுக்கெல்லாம் மூதாதை, ‘கோதிக்’ எனப்படும் ஆங்கிலத் திகில் நாவல்கள். ஆன் ராட்கிளிஃப் 1794-இல் எழுதிய ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ நாவலில் இருண்ட கோட்டை, திரை மூடிய படம், இரவில் கேட்கும் குரல் எல்லாம் உண்டு. ஆனால் கோட்டைக்காரன் மொன்டோனி தன் மனைவியை அடைத்து வைப்பது எதற்காக? அவளுடைய சொத்தை எழுதி வாங்குவதற்காக. அந்தக் காலத்து இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, திருமணமான பெண்ணின் கையிலிருந்த பணமும் பொருளும் கணவனுக்குச் சேர்ந்துவிடும். 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தாம் அதை மாற்றின. அதுவரை, வாசற்கதவைத் தாண்டியவளுக்கு வண்டிக் கூலி கொடுக்கக்கூடச் சொந்தக் காசு இருந்திருக்காது. அதனால்தான் மாடி ஏறுகிறாள். தான் இனி வாழ்ந்து தீரவேண்டிய வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி கிடையாது. அதைப் பேதைமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி ‘ரெபெக்கா’. டாஃப்னி டு மாரியே 1938-இல் எழுதிய நாவலை ஹிட்ச்காக் 1940-இல் படமாக்கினார். மான்டர்லி மாளிகைக்கு இரண்டாம் மனைவியாக வருகிற அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. கடைசிவரை யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இறந்துபோன ரெபெக்காவின் பெயரெழுத்தோ எங்கு திரும்பினாலும் இருக்கிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் என் அத்தை நினைவுக்கு வருகிறாள். இரண்டாந்தாரமாகப் போனவள். கூடத்தில் மூத்தாளின் படம் மாலையோடு தொங்கும். அது அவளைத் தொந்தரவு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. பாத்திரங்கள்தாம் செய்தன. மூத்தாளுக்குச் சீராக வந்த குடம், அண்டா, டம்ளர் எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருந்தது. அத்தை நாற்பது வருஷம் அந்த டம்ளரில் காப்பி குடித்தாள். விளக்கும்போது பெயர் வெட்டிய இடத்தில் மட்டும் விரல் ஒரு கணம் நிற்கும். அவளோடு உட்கார்ந்து ஒருமுறை ‘ரெபெக்கா’ பார்த்தேன். கதாநாயகி ஒரு பீங்கான் பொம்மையைக் கைதவறி உடைத்துவிட்டு, துண்டுகளை மேசை இழுப்பறையில் ஒளித்து வைப்பாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. “பாவம், வேலைக்காரிக்குப் பயப்படுகிறாள்” என்றாள். படம் முழுவதும் அவள் பேசியது அது ஒன்றுதான்.

அந்த வேலைக்காரி திருமதி டான்வர்ஸ் நடந்து வருவதை ஹிட்ச்காக் அநேகமாகக் காட்டுவதே இல்லை. திரும்பினால் அங்கே நிற்பாள். ரெபெக்காவையோ ஒரு முறையும் காட்டவில்லை. புகைப்படம் இல்லை, பழைய நினைவுக் காட்சி இல்லை. கடற்கரைக் குடிலில் அவள் இறந்த இரவைக் கணவன் விவரிக்கும்போது, கேமரா வெற்றிடத்தைப் பின்தொடர்ந்து நகர்கிறது. அவள் சோபாவிலிருந்து எழுந்ததாகச் சொல்கிறான். யாரும் இல்லாத இடத்தோடு கேமராவும் எழுகிறது. இதுவரை நான் பார்த்த பேய்களில் மிக அழகானவள் அங்கே இல்லாத அந்தப் பெண்தான்.

‘கேஸ்லைட்’ படத்தில் பேயே கிடையாது. அதனால்தான் 1944-இல் வந்த அந்தப் படத்தை இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டு விளக்குகளுக்கெல்லாம் குழாய் வழி வருவது ஒரே எரிவாயு. ஓரிடத்தில் புதிதாக ஒரு விளக்கை ஏற்றினால் மற்ற இடங்களில் சுடர் தாழும். வெளியே போவதாகச் சொல்லிவிட்டுக் கணவன் இரகசியமாகப் பரணுக்குப் போய் நகை தேடுகிறான். கீழே தனியாக இருக்கும் மனைவியின் அறையில் விளக்கு மங்குகிறது, தலைக்கு மேல் காலடி கேட்கிறது. அதெல்லாம் உன் பிரமை என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். மனிதர்கள் எல்லோரும் பொய் சொல்லும் அந்த வீட்டில், உண்மை சொல்வது விளக்கு ஒன்றுதான். துப்பறிய வந்தவர் சுடர் தாழ்வதைத் தானும் பார்த்துவிட்டதாகச் சொல்லும்போது, மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனின் முகத்தைப் பாருங்கள். தான் சொன்னதை ஒருவராவது நம்பினால் போதும் என்று ஏங்கிய எந்தப் பெண்ணுக்கும் அந்த முகம் தெரியும்.

என்னை இந்தப் படங்களிடம் கட்டிப்போட்டது இதுதான், க. குடும்பம் மூடி மறைத்ததை வீடு மறைப்பதில்லை. அது கதவைத் தட்டும், விளக்கைத் தாழ்த்தும், பூட்டிய அறையிலிருந்து ஒரு வாசனையை அனுப்பும். நம் பக்கத்து மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ காட்டும் மாடம்பள்ளி வீட்டின் பூட்டிய தெற்குக்கட்டிலும் (தெக்கினி) அதேதான்; கொல்லப்பட்ட தஞ்சாவூர் நாட்டியக்காரிக்கு நடந்ததை, பூட்டு திறந்த பிறகுதான் அந்தக் குடும்பம் காது கொடுத்துக் கேட்கிறது. உங்கள் ஊர்க்காரி அவள்.

உள்ளே போகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டு மாரியே இங்கிலாந்தின் கார்ன்வாலில் மெனபிலி என்ற ஆளில்லாத வீட்டை இளவயதில் பார்த்து அதன்மேல் காதல் கொண்டவர். 1943-இல் அதைக் குத்தகைக்கு எடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கடைசிவரை அது அவருக்குச் சொந்தமாகவில்லை.

‘த ஹாண்டிங்’ படத்தின் எலினோரும் அப்படித்தான். நோயாளித் தாயைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள். தாய் போனபின் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒண்டிப் படுக்கிறவள். அவள் அம்மா உதவிக்குச் சுவரைத் தட்டுவாளாம். பேய் வீடான ஹில் ஹவுஸில் இரவு சுவர்கள் இடிபடும்போது எலினோர் தூக்கத்தில் அம்மாவுக்குத்தான் பதில் சொல்கிறாள். எல்லோரும் அஞ்சுகிற அந்த வீடு அவளை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறது. வாழ்நாளில் வேறெந்த வீடும் அவளை ‘வா’ என்று சொன்னதில்லை.

உங்கள் கணவரோடு அதை இன்னொரு முறை பாருங்கள். ராபர்ட் வைஸ் 1963-இல் எடுத்த படத்தையே பாருங்கள். 1999-இல் வந்த மறு ஆக்கம் பேயைக் கணினியில் வரைந்து கண்முன்னே நிறுத்திவிட்டது. இருட்டில் எலினோர் ஒரு கையை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் காட்சி வரும். விளக்கு போட்டதும் தோழி அறையின் மறுபுறம் இருப்பாள். அப்போது அவரிடம் எதுவும் பேச வேண்டாம். அவரே கேட்பார், அது யார் கை என்று.

அன்புடன்.