வறுமை மிகுந்த பள்ளியில் மதிப்பெண் ஏன் வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது?

அமெரிக்காவில் முக்கால்வாசிக்கும் அதிகமான மாணவர்கள் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் பள்ளியை 'வறுமை மிகுந்த பள்ளி' என்கிறார்கள். அங்கே 6 முதல் 8 வரையுள்ள அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஒரு வகுப்பு நன்றாகச் செய்யும், அடுத்தது சறுக்கும்.

பெரிய காரணம், தொடர்ச்சி அறுந்துபோவது. வாடகை கட்ட முடியாமல் குடும்பம் வீடு மாறினால் பிள்ளை வருட நடுவில் பள்ளி மாற வேண்டியிருக்கும். ஆசிரியர்களும் இத்தகைய பள்ளிகளில் அடிக்கடி மாறுகிறார்கள். கணக்கு ஆசிரியர் போய்விட்டால் அந்த வகுப்பு மட்டும் அடிவாங்கும், பக்கத்து வகுப்புக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் வருகை. 180 பள்ளி நாளில் 18 நாள் தவறினாலே 'நாள்பட்ட வருகைக் குறைவு' என்று பதிவாகும். மாதத்துக்கு இரண்டு நாள்தான், பார்த்தால் சின்ன விஷயம்! ஆனால் கணக்கு ஒரு தொடர்கதை மாதிரி: பின்னங்கள் வரும் அத்தியாயத்தைத் தவறவிட்டவருக்கு இயற்கணிதத்தில் யார் யாரென்றே தெரியாது. வாசிப்பு வேறு ரகம்; அது வீட்டில் கேட்கும் சொற்களையும் கையில் கிடைக்கும் புத்தகங்களையும் பொறுத்து மெதுவாக வளர்வது.

சரி, மதிப்பெண் குறைவென்றால் கற்பித்தலும் மோசம்தானே? அப்படிச் சொல்லிவிட முடியாது: இரண்டு வகுப்பு பின்தங்கி ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, ஒரே வருடத்தில் ஒன்றரை வருடப் பாடத்தைப் பிடித்தாலும், தேர்ச்சிக் கணக்கில் 'தேறவில்லை' என்றே இருக்கும்.