வெள்ளை ஓரம் போக மாட்டேன் என்கிறதா? பார்டர்லெஸ் பிரிண்ட் கேள்வி-பதில்

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஓரம் விடாமல் ஃபோட்டோ போடுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். அதைப் படித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

கே: பார்டர்லெஸ் டிக் செய்து 4×6 பேப்பரில் அடித்தேன். வெள்ளை ஓரம் போய்விட்டது, சந்தோஷம். ஆனால் குரூப் ஃபோட்டோவில் பின்வரிசையில் நின்றவர்களின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. ஸ்கிரீனில் எல்லாம் முழுசாகத்தானே தெரிகிறது?

உங்கள் படம் இரண்டு முறை வெட்டுப்படுகிறது. ஒன்று படத்தின் வடிவத்தால், இன்னொன்று பிரிண்டரின் வேலையால்.

வடிவத்தை முதலில் பார்ப்போம். பெரும்பாலான செல்ஃபோன் கேமராக்கள் 4:3 விகிதத்தில் படம் எடுக்கின்றன. 4×6 பேப்பரோ 3:2. ஆறு அங்குல அகலத்தை நிரப்பும்படி படத்தைப் பெரிதாக்கினால் உயரம் நாலரை அங்குலம் ஆகிறது. தாளில் இருப்பது நாலுதான். அரை அங்குலம், அதாவது படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, மேலும் கீழுமாகப் போயே தீரும். 5×7 பேப்பர் எடுத்தால் இந்த இழப்பு ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். செல்ஃபோன் படங்களுக்கு நான் 5×7ஐச் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது வெட்டு யாரும் எதிர்பார்க்காதது. தாளின் விளிம்போடு கச்சிதமாக மையை நிறுத்துவது வீட்டு பிரிண்டரால் ஆகிற காரியம் இல்லை. ரோலர் இழுக்கும்போது தாள் அரை மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்ந்தாலே ஒரு பக்கம் வெள்ளைக்கோடு தெரிந்துவிடும். அதனால் பிரிண்டர் படத்தைத் தாளைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, விளிம்பைத் தாண்டி வெளியேயும் மை அடிக்கிறது. அப்படி வெளியே விழும் மையை உறிஞ்சுவதற்கு, தாள் ஓடும் தட்டின் பள்ளங்களில் ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து, மை தெளிக்கும் ஹெட் ஓடும் பாதைக்குக் கீழே எட்டிப் பாருங்கள். கறுத்துப்போன ஸ்பாஞ்சுத் துண்டுகள் தெரியும். வழக்கமான தாள் அளவுகளின் விளிம்பு எங்கே வருமோ அங்கேதான் அவை இருக்கும். நீங்களாகத் தாளை வேறு அளவுக்கு வெட்டிக் கொடுத்தால் பல பிரிண்டர்கள் பார்டர்லெஸ் செய்ய மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்வது? பிரிண்ட் கொடுக்கும் முன் படத்தை நீங்களே 3:2க்கு கிராப் செய்துவிடுங்கள். எது போகவேண்டும் என்பதை மென்பொருள் முடிவு செய்யக்கூடாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முகம், எழுத்து, தேதி எதுவானாலும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதையும் மாற்ற முடியும்: கேனான் டிரைவரில் (பிரிண்டரை இயக்க கம்ப்யூட்டரில் போடும் மென்பொருள்) இதற்கென்று ஒரு ஸ்லைடர் உண்டு, எப்சன் மாடல்கள் பலவற்றில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்கிற மாதிரி தேர்வுகள் உண்டு. குறைத்தால் படம் குறைவாக வெட்டுப்படும், ஆனால் வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும் அபாயம் கூடும். நடுவில் வைத்துத் தொடங்கி ஒவ்வொரு படியாகக் குறைத்துப் பாருங்கள்.

கே: என் பிரிண்டரில் பார்டர்லெஸ் ஆப்ஷன் மங்கலாக இருக்கிறது. கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை.

அநேகமாகப் பேப்பர் வகை 'பிளெயின்' என்று இருக்கிறது. அதை ஃபோட்டோ பேப்பருக்கு மாற்றுங்கள். அடுத்து அளவை மாற்றுங்கள். அதற்கு அப்புறம் பார்டர்லெஸ் பக்கம் போங்கள். வரிசை முக்கியம், தலைகீழாகச் செய்தால் ஒன்றை மாற்றும்போது இன்னொன்று தானாகக் கழன்றுவிடும். இரண்டு பக்கமும் அடிக்கும் டூப்ளெக்ஸ் ஆன் ஆகியிருந்தாலும் இந்த ஆப்ஷன் மங்கிவிடலாம்.

மேக் கம்ப்யூட்டரிலும் செல்ஃபோனிலும் தனியாக டிக் பெட்டியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பெரும்பாலும் பேப்பர் அளவுப் பட்டியலிலேயே '4×6 பார்டர்லெஸ்' என்று தனி வரியாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் வரவில்லையா? மாடலின் விவரக் குறிப்பைப் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சில 4×6 வரைக்கும்தான் பார்டர்லெஸ் தரும், ஏ4க்குத் தராது. வேறு சிலவற்றில் அந்த வசதியே கிடையாது. அதற்கு செட்டிங்கில் மருந்து இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரி இது, ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வேறு ஏதாவதுதான்.

கே: எல்லாம் சரியாக வைத்தும் நாலு பக்கமும் வெள்ளை ஓரம் வருகிறது.

நாலு பக்கமும் சமமாக வந்தால் குற்றம் பிரிண்டர்மேல் இல்லை, படத்தைத் திறந்திருக்கும் ஆப்மேல். டிரைவரில் 4×6 பார்டர்லெஸ் என்று வைத்திருப்பீர்கள். ஆப்பின் பேஜ் செட்டப்பில் ஏ4 இருக்கும், அல்லது 'ஃபிட் டு பேஜ்' என்பது படத்தை ஓரத்துக்குள் சுருக்கிக்கொண்டிருக்கும். ஆப், டிரைவர், டிரேயில் வைத்த தாள், மூன்றும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். சில பிரிண்டர்களின் பேனலிலும் தாளின் அளவைக் கேட்பார்கள், அங்கேயும் அதையே கொடுங்கள். ஆப்பில் 'ஃபில்' என்ற தேர்வு இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. படத்தோடு சேர்ந்தே வெள்ளை ஓரம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்கேன் செய்த பழைய ஃபோட்டோக்களில் இது சகஜம், வெள்ளை ஸ்கிரீனில் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு பக்கம் மட்டும், அதுவும் மேலே மெல்லிசாகவும் கீழே தடியாகவும் கோடு வந்தால் தாள் சாய்ந்து போகிறது என்று அர்த்தம். பக்கவாட்டு கைடைத் தாளைத் தொடும்வரை நகர்த்துங்கள், தாள் வளையும் அளவுக்கு அழுத்தாதீர்கள். கனமான ஃபோட்டோ பேப்பரை ஒரு கட்டாக வைக்காமல் இரண்டு மூன்று தாள் மட்டும் வைத்தால் நேராகப் போகும்.

கே: 4×6 பேப்பரில் பாஸ்போர்ட் ஃபோட்டோக்களை வரிசையாக வைத்து பார்டர்லெஸ்ஸில் அடித்தேன். ஸ்கேலால் அளந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், தாளின் நாலு அங்குலப் பக்கத்துக்கான 102 மில்லிமீட்டர் 108 ஆகிறது. அதே விகிதத்தில் உங்கள் 35 மில்லிமீட்டர் ஃபோட்டோ 37 ஆகிவிடும். அளவு முக்கியமான எதையும் பார்டர்லெஸ்ஸில் போடவே கூடாது. ஓரம் வைத்து, 100 சதவீதத்தில் அடியுங்கள். எப்படியும் வெட்டத்தானே போகிறீர்கள்.

கே: படம் முக்கால்வாசி அருமையாக வருகிறது. கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில் மட்டும் கோடுகோடாக இருக்கிறது. சில சமயம் மூலையில் கறுப்புத் தீற்றலும் விழுகிறது.

தாளை முன்னால் ஒரு ரோலர் ஜோடியும் பின்னால் ஒரு ரோலர் ஜோடியும் பிடித்திருக்கின்றன. தாளின் வால் முதல் ரோலரை விட்டு நழுவிய பிறகு, வெளியே தள்ளும் சின்னப் பல்சக்கரங்களின் பிடியில் மட்டும்தான் அது நகர்கிறது. பிடி தளர்ந்தால் துல்லியம் போகிறது. ஓரம் வைத்து அடிக்கும்போது இந்தப் பகுதியில் மை விழுவது குறைவு, அதனால் குறை கண்ணில் படுவதில்லை. தரத்தை 'ஹை'க்கு மாற்றி, பிரிண்ட் ஹெட் அலைன்மென்ட் ஒருமுறை ஓட்டுங்கள், நன்றாகவே குறையும். இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். எந்தப் பக்கம் கடைசியில் வெளியே வருகிறதோ அந்தப் பக்கம் வானமோ வெற்றுச் சுவரோ வராமல் படத்தை 180 டிகிரி திருப்பி அடியுங்கள். செடிகொடி, புல் மாதிரி நெருக்கமான இடத்தில் கோடு மறைந்துபோகும்.

மூலைத் தீற்றலுக்குக் காரணம் தாளின் வளைவு. மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஹெட் அதை உரசிக்கொண்டு போகிறது. தாளை எதிர்ப்பக்கமாக லேசாக வளைத்துச் சமன் செய்துவிட்டு வையுங்கள். மீதித் தாளை அதே கவரில் போட்டு மூடி, படுக்கவைத்து வையுங்கள். டிரேயில் நாள்கணக்கில் கிடக்கும் ஃபோட்டோ பேப்பர்தான் இப்படி வளையும். தடித்த தாளுக்கான உரசல் தடுப்பு செட்டிங் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம்.

கே: கிளாசி பேப்பரில் கறுப்பு மட்டும் காயவே இல்லை. விரலில் ஒட்டுகிறது.

பேப்பர் வகையைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். பல வீட்டு பிரிண்டர்களில் கறுப்பு மை பிக்மென்ட், அதாவது நுண்துகள் மை; மற்ற மூன்று நிறமும் டை, அதாவது கரைந்த சாயம். சாதாரணத் தாளில் எழுத்து கூர்மையாக விழுவதற்காக வைத்தது அந்தக் கறுப்பு. கிளாசி பூச்சுக்குள் அது இறங்காது, மேலேயே உட்கார்ந்துவிடும். கிளாசி என்று செட்டிங்கில் சொன்னால் பிரிண்டர் அதைத் தொடாமல் மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்கும். தாளைத் திருப்பிப் போட்டிருந்தாலும் மை ஒட்டும், ஆனால் அப்போது எல்லா நிறமும் சேர்ந்து ஒழுகும்.

கே: பார்டர்லெஸ்ஸில் மை நிறைய வீணாகுமா? பிரிண்டர் சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார்களே?

மைக்குக் கணக்குப் போட்டுவிடலாம். அதே 3 மில்லிமீட்டர் நீட்சிக்கு, 4×6இல் அடிக்கும் பரப்பு தாளின் பரப்பைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல். ஏ4இல் 5 சதவீதம். பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

பிரிண்டர் கெடும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்பாஞ்சு எல்லையில்லாமல் குடிக்காது. விளிம்பில் விழும் மையையும் சில மாடல்கள் கணக்கு வைத்துக்கொள்ளும். எப்சனின் சில மாடல்களில் இந்த ஸ்பாஞ்சு பேடின் ஆயுள் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தால் பார்டர்லெஸ் மட்டும் நின்றுவிடும், ஓரம் வைத்து அடிப்பது தொடரும்.

அதற்கு முன்பே உங்களுக்குத் தெரியவரும் அறிகுறி, ஃபோட்டோவின் முதுகில் மைக்கறை. தட்டின் மேடுகளில் மை படிந்து, அடுத்த தாளின் பின்பக்கத்தில் ஒட்டுகிறது. சில பிரிண்டர்களில் இதற்கு 'பாட்டம் பிளேட் கிளீனிங்' உண்டு. மடித்த சாதாரணத் தாளை உள்ளே அனுப்பித் துடைக்க வைக்கும். இல்லையென்றால் பிரிண்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரம் தொட்ட பஞ்சுக் குச்சியால் மேடுகளை மட்டும் துடைக்கலாம். ஸ்பாஞ்சை நோண்டாதீர்கள். பக்கத்தில் போகும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டையையும் தொடாதீர்கள். ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது அதைப் படித்துத்தான்.

கே: ஏ4 பார்டர்லெஸ் என் பிரிண்டரில் இல்லை. 5×7 படங்கள் வேண்டும், என்ன வழி?

ஏ4 ஃபோட்டோ பேப்பரில் ஓரம் வைத்து அடித்து வெட்டுங்கள். படுக்கை வாக்கில் வைத்த ஏ4இல் இரண்டு 5×7 பக்கத்தில் பக்கத்தில் தாராளமாக அடங்கும். உண்மையைச் சொன்னால் வசதி இருக்கும் பிரிண்டரிலும் நான் இதைத்தான் விரும்புவேன். வால்பக்கக் கோடு படத்துக்கு வெளியே போய்விடும், நீங்கள் கிராப் செய்த அளவு அப்படியே வரும், ஸ்பாஞ்சும் பிழைக்கும். வெட்டும்போது கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு ஸ்கேல், புது பிளேடு, கீழே ஒரு கட்டிங் மேட். கோட்டின்மேல் வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் படத்துக்குள்ளேயே வெட்டினால் வெள்ளை மிச்சம் இருக்காது.

கே: ஃபைலில் எத்தனை பிக்சல் வேண்டும்?

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 4×6க்கு 1800×1200, ஏ4க்கு 3508×2480. மெசேஜ் ஆப்பில் வந்த படம் வழியிலேயே சுருங்கியிருக்கும். ஏ4க்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: லேசர் பிரிண்டரில் செய்ய முடியுமா?

முடியாது. விளிம்பைத் தாண்டி விழும் டோனர் உள்ளே உருளைகளில் ஒட்டி அடுத்தடுத்த தாள்களைக் கறையாக்கும்.

கே: அடித்த உடனே ஃபிரேமுக்குள் போட்டுவிடலாமா?

ஒரு நாள் வெளியே இருக்கட்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மையில் உள்ள கரைப்பான்கள் மெதுவாகத்தான் வெளியேறும். அவசரப்பட்டு மூடினால் கண்ணாடியின் உட்பக்கம் பனி படிந்த மாதிரி மங்கிவிடும். இன்னொன்று, ஃபிரேமின் உள்விளிம்பு எப்படியும் படத்தின் நாலு பக்கத்திலும் சில மில்லிமீட்டரை மறைக்கிறது. ஃபிரேமுக்குப் போகிற ஃபோட்டோ என்றால் 3 மில்லிமீட்டர் ஓரம் வைத்தே அடியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது.