இரண்டு இருக்கைக்கு 370 பவுண்டா? இங்கிலாந்தில் கால்பந்து பார்க்க ஆகும் செலவு

கேள்வி: வேலை மாற்றலாகி, மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள ஸ்டாக்போர்ட்டுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. 11 வயது மகன் மான்செஸ்டர் யுனைடெட் என்றால் சோறு தண்ணீரை மறந்துவிடுவான். இணையத்தில் தேடினால் ஒரு தளம் டிக்கெட் ஒன்றுக்கு 185 பவுண்டு, இரண்டுக்கு 370 என்கிறது. சேவைக் கட்டணம் வேறு. பக்கத்து வீட்டுக்காரரோ, போன மாதம் 30 பவுண்டில் ஒரு பிரீமியர் லீக் போட்டி பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார். எதை நம்புவது? மாதம் ஒரு போட்டிக்காவது அவனை அழைத்துப் போக வழி உண்டா?

பதில்: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த 30 பவுண்டு வழி இப்போதைக்கு உங்களுக்குத் திறக்காது. அந்தத் தளத்துக்கு 370 பவுண்டைக் கட்டாயம் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 30 பவுண்டு. தன் அணி வெளியூரில் ஆடும்போது பின்தொடர்ந்து போகும் ரசிகரிடம் இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீகில் எந்தக் கிளப்பும் 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-17 சீசனிலிருந்து உச்சவரம்பு இருக்கிறது. ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடி வாங்கிய சலுகை அது. ஆனால் வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்குவது அதிகபட்சம் மூவாயிரம் இருக்கைகள். சிறிய மைதானங்களில் இன்னும் குறைவு. பெரிய கிளப்புகளில் சீசன் டிக்கெட் (சீசன் முழுவதும் சொந்த மைதானப் போட்டிகளுக்குச் சேர்த்து வாங்குவது) வைத்திருப்பவர்களும், பல ஆண்டுகள் வெளியூர் போய்ப் புள்ளிகள் சேர்த்தவர்களும் அவற்றை வாங்கிவிடுவார்கள். உங்கள் அண்டை வீட்டுக்காரர் அப்படி ஒரு பழைய ஆள் என்று நினைக்கிறேன். அவரோடு நட்பாக இருங்கள்.

அடுத்து 185 பவுண்டு. அது கிளப் நிர்ணயித்த விலை அல்ல, மறுவிற்பனை விலை. நம் ஊர் பாஷையில் பிளாக் டிக்கெட். இங்கிலாந்தில் இசை நிகழ்ச்சி டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது வேறு, கால்பந்து டிக்கெட்டை விற்பது வேறு. அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்து கைகலப்பு வந்துவிடக் கூடாது என்பதே இந்தக் கெடுபிடிக்குக் காரணம். வாங்குபவரைச் சிறையில் தள்ள மாட்டார்கள்; ஆனால் கிளப் கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடும். இப்போது டிக்கெட் பெரும்பாலும் கைப்பேசியில்தான் வருகிறது என்பதால், வாசலில் கருவி சிவப்பு விளக்கைக் காட்டினால் கையில் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

இங்கே வந்த புதிதில் நானும் அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன். டிக்கெட் செல்லுபடியானது; இடம்தான் வம்பு. எங்கள் அணி விருந்தாளி, எங்களுக்குக் கிடைத்த இருக்கைகளோ உள்ளூர் ரசிகர்களின் நடுவில். எங்கள் அணி கோல் அடித்தபோது அண்ணன் மகன் துள்ளி எழப் போனான். அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, மீதி நாற்பது நிமிடமும் துக்க வீட்டில் இருப்பதுபோல் இருந்தோம். ஒரு கோலுக்குக் கைதட்ட முடியாமல் இருக்கவா அத்தனை பணம்?

சரியான வழி கிளப்பின் உறுப்பினர் திட்டம்தான். பெரிய கிளப்புகளில் பெரியவருக்கு ஆண்டுக்கு முப்பது, நாற்பது பவுண்டு அளவில் இருக்கும், சிறுவருக்குக் குறைவு. இதைச் செலுத்தினால் டிக்கெட் வந்துவிடும் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் பலர். உறுப்பினராவது, விற்பனை திறக்கும்போது வரிசையில் நிற்கும் உரிமை மட்டும்தான். உங்களுக்கும் மகனுக்கும் தனித்தனி உறுப்பினர் எண் வேண்டும். இரண்டு கணக்குகளையும் கிளப் தளத்தில் முன்கூட்டியே இணைத்துவையுங்கள். விற்பனை தொடங்கிய பிறகு அந்த வேலையில் இறங்கினால், நீங்கள் பிறந்த தேதியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இருக்கைகள் போய்விடும்.

விற்பனையில் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோகாதீர்கள். என் அனுபவத்தில் நல்ல வாய்ப்பு அதற்குப் பிறகுதான் வரும். வர இயலாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இருக்கையைக் கிளப்பின் சொந்த மாற்றுத்தளத்தில் போடுவார்கள். இது சட்டப்படி சரியானது. விலையும் கிளப் நிர்ணயித்ததுதான். போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்து திரையில் ஒவ்வொரு இருக்கையாக முளைக்கும், மறையும். ஒற்றை இருக்கைகள் நிறைய வரும். அடுத்தடுத்து இரண்டு அமைவது அரிது. சிறுவனைத் தனியே உட்காரவைக்க முடியாது என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு வார நடுவில் இரவு நடக்கும் போட்டிகளே தோது. மறுநாள் பள்ளி இருப்பதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அன்று இருக்கையை விட்டுக்கொடுப்பார்கள். ஒரு புதன்கிழமை இரவு மழையில், வேலையிடத்தில் தேநீர் குடித்துக்கொண்டே திரையைத் தட்டிப் பிடித்த இரண்டு இருக்கைகள் எனக்கு நினைவிருக்கின்றன. அன்று ஆட்டம் படுமோசம்.

சிறுவர் என்றால் பாதி விலை என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், அந்த சீசனின் நடுவிலேயே, உறுப்பினர்களுக்கு மீதமிருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டாக்கியது. குழந்தைகளுக்கும் ஓய்வூதியர்களுக்கும்கூட அதே விலை. ரசிகர்கள் கொதித்தார்கள். விலைமுறை சீசனுக்கு சீசன் மாறுகிறது. எதிரணி யார் என்பதைப் பொறுத்துத் தரம் பிரித்து விலை வைக்கும் கிளப்புகளும் உண்டு. ஆகவே ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் சிறுவர் சலுகை எந்த ஸ்டாண்டில், எந்தப் போட்டிகளுக்கு என்று பார்த்துவிட்டுத்தான் அவனுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். குடும்பப் பகுதி என்று தனியாக இருந்தால் அங்கே கேளுங்கள். கெட்ட வார்த்தையும் குறைவு. முற்றிலும் இருக்காது என்று உறுதி தர மாட்டேன்.

ரசிகர்கள் கத்தி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வேன். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் தன் மைதானத்தில் உச்ச விலையை 77 பவுண்டாக்கப் போவதாக அறிவித்தது. சண்டர்லேண்டுடன் நடந்த போட்டியின் சரியாக 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். இத்தனைக்கும் டிக்கெட் வருமானம் இல்லாவிட்டால் கிளப் மூழ்கிவிடும் என்ற நிலை இல்லை. 2025-26 முதல் நான்கு சீசன்களுக்கு, பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 670 கோடி பவுண்டு.

விலையைக் குறைக்க உங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம் போட்டியைத் தேர்ந்தெடுப்பது. லிவர்பூல் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஊரே அலைமோதும். லீக் கோப்பை என்னும் தனி நாக்-அவுட் தொடரின் தொடக்கச் சுற்றில் கீழ்மட்ட அணி ஒன்று வரும் செவ்வாய்க்கிழமை அப்படி இருக்காது; விலையும் வழக்கமாகக் குறைவு, நட்சத்திரங்கள் சிலருக்கு ஓய்வு கொடுத்து இளைஞர்களை இறக்குவார்கள். 11 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் படியேறி அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்ப்பதே போதும். யார் ஆடுகிறார்கள் என்பதை வீட்டுக்கு வந்துதான் யோசிப்பான். இன்னொரு நாக்-அவுட் தொடரான எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று, ஜனவரியில், அதுவும் நல்ல வாய்ப்பு.

மைதானத்துக்குள் போன பிறகு ஆகும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘பை’ (pie) எனும் இறைச்சிப் பலகாரம் ஒன்று நான்கைந்து பவுண்டு. பையன் கேட்பான், பார்த்ததும் உங்களுக்கும் பசிக்கும். குளிர்பானம், தேநீர். போட்டி மலர் நான்கு பவுண்டு. வாசலில் தொங்கும் கழுத்துத்துணியைப் பார்த்ததும் அவன் நின்றுவிடுவான், அது ஒரு பதினைந்து. டிக்கெட்டைச் சேர்க்காமலே 35 பவுண்டு போய்விட்டது. பல மைதானங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பையை அனுமதிப்பதில்லை. சின்னப் பையில் சாண்ட்விச் கட்டிப் போங்கள். காரை எடுக்காதீர்கள். போட்டி நாளில் சுற்றுவட்டாரத் தெருக்கள் குடியிருப்போருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அபராதச் சீட்டு டிக்கெட் விலையை எட்டிவிடும். ஸ்டாக்போர்ட்டிலிருந்து ரயிலில் மான்செஸ்டர் பிக்கடில்லி, அங்கிருந்து யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு டிராம், அவ்வளவுதான்.

பின்னாளில் வேறு ஊர்களுக்குப் போக ஆரம்பித்தால் ஒன்றில் கவனம்: தொலைக்காட்சிக்காகப் போட்டி நேரத்தை மாற்றுவார்கள், சனி மதியம் என்றிருந்தது திங்கள் இரவாகும். முன்பதிவில் மலிவாக வாங்கிய ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. நேரம் உறுதியானதாக அறிவிப்பு வந்த பிறகே ரயிலைப் பதிவுசெய்யுங்கள். குடும்ப ரயில் அட்டை இருந்தால் பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. இரண்டு நெடும் பயணத்திலேயே அட்டையின் விலை திரும்பிவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட மாதம் ஒரு போட்டி. ஓல்ட் டிராஃபோர்டில் மட்டும் என்றால் கட்டுப்படியாகாது, கிடைக்கவும் கிடைக்காது. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களுக்கு உங்கள் ஊரிலேயே, ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் எட்ஜ்லி பார்க் இருக்கிறது. ஸ்டாக்போர்ட் கவுண்டியின் மைதானம். 2013இல் ஆறாம் அடுக்குக்கு வீழ்ந்து, 2022இல் மீண்டும் கால்பந்து லீகுக்குள் (இரண்டு முதல் நான்காம் அடுக்குவரை) வந்து, 2024இல் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்றுக்கு ஏறிய அணி. பந்து உதைபடும் சத்தம் இருக்கைவரை கேட்கும். லீ நகரில் யுனைடெட்டின் பெண்கள் அணி ஆடுகிறது; அதே சிவப்புச் சட்டைதான், டிக்கெட் மிக மலிவு.

மான்செஸ்டரின் மோஸ்டனில் உள்ள எஃப்.சி. யுனைடெட்டையும் ஒருமுறை காட்டுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்க உரிமையாளர்கள் வாங்கியதை ஏற்காத ரசிகர்கள் 2005இல் வெளியேறித் தாங்களே தொடங்கிய கிளப் அது. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. பாடும் பாட்டில் பாதி ஓல்ட் டிராஃபோர்டுப் பாட்டு என்பதால் பையனுக்கு அந்நியமாகத் தோன்றாது.

அவனுடைய உறுப்பினர் கணக்கைத் தொடங்கும்போது பிறந்த தேதியைச் சரியாகக் கொடுங்கள். சிறுவர் டிக்கெட்டில் போகும் நாளில் வயதுக்கு ஆதாரம் கேட்டால் காட்ட, அவன் பாஸ்போர்ட்டின் படம் ஒன்றை உங்கள் கைப்பேசியில் வைத்திருங்கள்.