இரண்டு வாரம், இரண்டு முத்திரை

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருநாள், 'முக்காடு போடுவதும் போடாததும் அந்தந்தப் பெண்ணின் முடிவு, அரசு அதில் தலையிடக் கூடாது' என்றேன். உடனே ஒருவர் என்னைப் பிற்போக்குவாதி என்றார். அடுத்த வாரம், 'பெண்களும் மதகுருவாக வரலாம், மதத் தலைமை அதைத் தடுக்கக் கூடாது' என்றேன். 'இடதுசாரி ஆகிவிட்டாயே' என்று சிரித்தார் இன்னொருவர். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. வட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கடிதங்களைப் பிரித்ததும் ஓரத்தில் பென்சிலால் 'இவர் இந்தக் கட்சி' என்று குறித்துவைக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உங்கள் கடிதத்திலும் குறித்தேன்; நான்கு வரி தாண்டுவதற்குள் அழிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் இடம் மாறவே இல்லை. பெண்ணுக்காக வேறொருவர் முடிவெடுக்க வேண்டாம் என்றுதான் இரண்டு வாரமும் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் அந்த வேறொருவர் அரசு, பிறகு மதத் தலைமை.

இடது, வலது என்பது அடிப்படையில் உட்கார்ந்த இடம். 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் அமர்ந்தார்கள். மன்னரை வைத்துப் பிரித்த அந்த வரிசையில் உடை, திருமணம், வழிபாடு எல்லாவற்றையும் உட்காரவைக்கப் பார்த்தால் இடிக்கத்தான் செய்யும். 'லிபரல்' என்ற சொல்லின் கதி இன்னும் மோசம்: அமெரிக்காவில் அது இடப்பக்கத்தைக் குறிக்கிறது, ஆஸ்திரேலியாவில் வலதுசாரிக் கட்சிக்கே அதுதான் பெயர்.

1931 அக்டோபரில் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் நடந்ததை உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். அப்போது அங்கே பெண்கள் தேர்தலில் நிற்கலாம், வாக்களிக்க முடியாது. வாக்குரிமை பற்றிய விவாதத்தில் இரண்டு பெண் உறுப்பினர்கள் எதிரெதிராக நின்றார்கள். இருவருமே வழக்கறிஞர்கள், இருவருமே குடியரசுவாதிகள். கிளாரா காம்போமோர், உரிமையைத் தள்ளிப்போட முடியாது என்றார். அவரைவிட இடப்பக்கம் இருந்த விக்டோரியா கென்ட், இப்போது வேண்டாம் என்றார். பெண்கள் பாதிரியாரின் பேச்சைக் கேட்டு வாக்களித்தால் குடியரசே கவிழ்ந்துவிடும் என்று அவர் அஞ்சினார். காம்போமோரின் சொந்தக் கட்சியே பெரும்பாலும் அவரைக் கைவிட்டது. சோஷலிஸ்டுகளில் பலர் ஆதரித்தார்கள். பெண்களின் வாக்கு தங்களுக்கே விழும் என்ற கணக்கில் வலதுசாரிகளும் ஆதரித்தார்கள். 161க்கு 121 என்று தீர்மானம் நிறைவேறியது. இதில் முற்போக்கு யார், பிற்போக்கு யார்? எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பிடிபடாத கேள்வி இது. 1933 தேர்தலில் இருவருமே தோற்றுப்போனார்கள்.

பிரான்சிலும் இதே பயம்தான். 1922இல் செனட் நிராகரித்த பெண் வாக்குரிமை 1944இல்தான் கிடைத்தது. நியூசிலாந்திலோ 1893இலேயே கிடைத்துவிட்டது. அங்கே முன்னின்று போராடியவர்கள் மதுவிலக்குக்காகத் திரண்ட கிறிஸ்தவப் பெண்கள்!

ஆனால் உங்களைப் பிற்போக்கு என்றவரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். 'அவளுடைய முடிவு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாசலில் அப்பாவும் அண்ணனும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது எடுக்கிற முடிவு யாருடையது? அவர் இதைக் கேட்க நினைத்து, சொல் கிடைக்காமல் முத்திரையை எடுத்துக் குத்தியிருக்கலாம். அடுத்த முறை உங்களுக்கு ஏதாவது பெயர் சூட்டினால், 'நான் அப்படி இல்லை' என்று மறுத்துக்கொண்டிருக்காதீர்கள். எந்த முடிவு, அதை யார் எடுப்பது, மீறினால் என்ன தண்டனை என்று கேளுங்கள். பேச்சு தானாக விஷயத்துக்கு வரும்.

வட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். சிரித்தவரை விட்டுவிடலாம். முக்காட்டை எடுக்கவைப்பதே விடுதலை என்று மற்றவர் வாதிட்டால், ஈரானைப் பற்றிப் பேசுங்கள். 1936இல் அங்கே மன்னராக இருந்த ரேசா ஷாவின் போலீஸ் தெருவில் முக்காடுகளைப் பறித்தது. 1979 புரட்சிக்குப் பின் வந்த அரசு அதையே கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து அந்த மார்ச் மாதமே பெண்கள் தெஹ்ரான் தெருக்களில் இறங்கினார்கள். 1936இல் வேறு பல பெண்கள் செய்தது இன்னும் எளிமையானது: வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.