கோலா போகும் வழி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றி உங்கள் தளத்தில் எழுதிய குறிப்பில் "அரசன் இல்லாத ஊர்கள்" என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. அரசன் இல்லை, எழுதிவைத்த சட்டம் இல்லை, காவலர் இல்லை என்றால் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அந்த ஊர்கள் எப்படித்தான் நடந்தன? அடுத்தது, நைஜீரியக் கதைகளில் யார் யார் வீட்டுக்குப் போனாலும் உடனே கோலாக் கொட்டையை எடுத்துவைத்துப் பக்கக்கணக்கில் பேசுகிறார்கள். நம்மூரில் வெற்றிலைத் தட்டை நீட்டுவது மாதிரி ஓர் உபசாரம்தானே, அதற்கு ஏன் இத்தனை நீளம்? கடைசியாக, ம்பாரி என்கிற மண்சிலை வீட்டின் பழைய படம் ஒன்றைப் பார்த்தேன். சிலைகள் எல்லாம் சரிந்து கிடந்தன. கட்டியவர்களே பராமரிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று கீழே போட்டிருந்தது. வறுமையா, அலட்சியமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது. அதனால் கோலாவிலிருந்தே தொடங்குகிறேன்.

வெற்றிலைத் தட்டை வந்தவர் முன்னால் நேராக நீட்டிவிடலாம். மென்று தின்னும் கசப்புக் கொட்டையான கோலாவை அப்படி நீட்ட முடியாது. முதலில் கொட்டையே சரியானதாக இருக்க வேண்டும். கோலாவில் இரண்டு வகை. வடக்கேயுள்ள ஹௌசா வணிகர்கள் விரும்பும் "க்வோரோ" பெரியது, பார்க்க லட்சணமானது, ஆனால் இரண்டே சுளையாகப் பிளக்கும். தின்னலாம், சடங்குக்கு ஆகாது. சடங்குக்கு உரியது "ஓஜி இக்போ". தாவரவியலாளர்கள் கோலா அக்யுமினாட்டா என்பார்கள். அது மூன்று முதல் ஆறு சுளை வரை பிரியும். சடங்கின் முடிவில் எண்ணுவதற்குச் சுளைகள் வேண்டும் என்பதால்தான் இந்தப் பிடிவாதம்.

வந்தவர் "ஓபி"யில் உட்காருகிறார். ஓபி என்பது வீட்டுத் தலைவரின் முன்குடில், வளாகத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்படுவது. பல ஊர்களில் முதலில் வருவது "ந்சு", நாமக்கட்டி போன்ற வெண்களிமண் கட்டி. வந்தவர் அதை வாங்கித் தரையில் கோடுகள் இழுக்கிறார். நான்கு கோடு என்றால் இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாட்கள். பிறகு கால் கட்டைவிரலில் கொஞ்சம் பூசிக்கொண்டு கட்டியைத் திருப்பித் தருகிறார். மனதில் கெடுதி வைத்து வரவில்லை என்பதற்கு அது சாட்சி. அதன்பின் மரத்தட்டில் கோலா வருகிறது. தட்டின் நடுவில் ஒரு குழி, அதில் காரமான மிளகு விழுது.

இனிதான் நீங்கள் "நீளம்" என்று சொல்கிற பகுதி. வீட்டுக்காரர் கோலாவைத் தன் பங்காளிகளில் தனக்கு மிக நெருங்கியவரிடம் தருகிறார். அவர் பார்த்துவிட்டு அடுத்த கிளைக்காரரிடம் தருகிறார். அப்படியே கிளை கிளையாக நகர்ந்து, கடைசியில் தூரத்து ஊர்க்காரரைத் தொட்டுவிட்டு, போன வழியிலேயே வீட்டுக்காரர் கைக்குத் திரும்புகிறது. நடுவில் ஒருவரைத் தாண்டிக் கொடுக்கக் கூடாது. தாண்டினால் அந்தக் கிளையே உறவில்லை என்று சபையில் சொன்னதாக ஆகிவிடும். அந்த இடத்திலேயே சத்தம் எழும், கோலா நிற்கும், யார் யாருக்கு மூத்தவர் என்ற வழக்கு முடிந்த பிறகுதான் மறுபடி நகரும். பல கிராமங்கள் கூடிய சபையில் இந்தச் சுற்றுக்கே நெடுநேரம் ஆவது இதனால்தான். கோலா போகிற வரிசைதான் பலியிட்ட ஆட்டின் இறைச்சியைப் பங்கிடும் வரிசை, சபையில் பேசும் வரிசை. எழுதிவைத்த ஏடு இல்லாத ஊரில் பங்காளி வரிசையை எல்லோர் கண்முன்னாலும் சரிபார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்த கோலாவைக் கையில் ஏந்தி மூத்தவர் வேண்டுகிறார். இதற்கு "இகோ ஓஜி" என்று பெயர். முழுமுதற் கடவுளான சுக்வு, மண்ணின் தெய்வமான ஆலா, முன்னோர்கள் என்று பெயர் சொல்லி அழைத்துக் கோலாவுக்குக் கூப்பிடுகிறார். "பருந்தும் உட்காரட்டும், கழுகும் உட்காரட்டும், மற்றது உட்காரக் கூடாது என்பதன் சிறகு ஒடியட்டும்" என்பது பெரும்பாலும் தவறாமல் வரும் வரி. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் சபை "ஈசே", அப்படியே ஆகட்டும், என்கிறது. பிறகு கூட்டத்தில் இளையவர் ஒருவர் கொட்டையை உடைத்துச் சுளைகளை எண்ணிச் சொல்கிறார். நான்கு வந்தால் நிம்மதி, நான்கு சந்தை நாட்களும் முழுமை. மூன்று வந்தால் வீரருக்குரிய இக்கெங்கா தெய்வத்தின் கோலா. ஐந்து, செல்வமும் பிள்ளைகளும். ஒரு துண்டு முன்னோர்களுக்காகத் தரையில் விழும். வேண்டுதல் சொன்னவருக்கு முதல் சுளை, மற்றவர்களுக்கு மறுபடியும் அதே பங்காளி வரிசை. விருந்தாளிக்கு உடைக்காத முழுக் கோலா ஒன்றையும் கொடுத்தனுப்புவார்கள். வீடு சேர்ந்த கோலா, தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் என்பது அவர்கள் பேச்சு. பெண்கள் கோலாவைத் தின்னலாம், உடைக்கக் கூடாது. கோலா மரத்தில் ஏறவும் கூடாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. "இக்போவுக்கு அரசனில்லை" என்று அவர்களே சொல்லிக்கொண்டாலும் அது முழு உண்மை இல்லை. நைஜர் ஆற்றங்கரையில் ஒனிட்சாவுக்கு அரசர் உண்டு. ந்ரி என்னும் ஊரில் "எஸே ந்ரி" என்னும் பூசாரி அரசர் உண்டு. ஆனால் பெரும்பாலான ஊர்களில் அதிகாரம் ஓர் ஆளிடம் குவிந்திருக்கவில்லை, ஒரு குச்சியிடம் இருந்தது. பெயர் ஒஃபோ. அதே பெயருள்ள மரத்தின் சிறு கிளைத்துண்டு அது. மரத்திலிருந்து வெட்டி எடுப்பதில்லை, கணுவில் தானாகக் கழன்று விழுந்ததையே எடுப்பார்கள். மனிதக் கை அறுத்ததில் சத்தியம் நிற்காது என்பது கணக்கு. பலமுறை கோழி ரத்தம் பூசிப் பூசிக் கறுத்திருக்கும். குடும்பத்தின் ஒஃபோ தந்தைக்குப் பின் மூத்த மகனான "ஒக்பாரா"வுக்குப் போகும். அவர் செல்வராக இருக்க வேண்டியதில்லை, புத்திசாலியாகவும் இருக்க வேண்டியதில்லை. பொய் சொல்லாதவராக இருந்தால் போதும்.

சபையில் எல்லோரும் பேசி ஓய்ந்து ஒரு முடிவுக்கு வந்தபின் ஒஃபோ வைத்திருப்பவர்கள் அதைத் தரையில் அடித்து முடிவைச் சொல்வார்கள். சபை "ஈசே" என்றால் அது சட்டம். அதுவரை பேச்சுதான். யார் வேண்டுமானாலும் எழுந்து மறுக்கலாம். ஒஃபோ தரையில் பட்டபின் மீறினால், மீறியவர் பகைத்துக்கொள்வது ஊரை மட்டுமல்ல, அந்தத் தரையையும்தான்.

தரை என்றால் ஆலா. சில வட்டாரங்களில் ஆனி என்பார்கள். பூமித்தாய் என்று மொழிபெயர்த்தால் கனிவு மட்டும் தெரியும், கண்டிப்பு தெரியாது. விளைச்சல் தருபவளும் அவள், செத்தவர்களை வாங்கிக்கொள்பவளும் அவள், குற்றம் எது என்று வகுப்பவளும் அவள். அவளுக்கு விரோதமானவற்றை "ந்சோ ஆலா" என்றார்கள். பங்காளியைக் கொல்வது, முறைதவறிய உறவு, கொல்லையில் நிற்கும் வள்ளிக்கிழங்கைத் திருடுவது எல்லாம் இதில் அடங்கும். தற்கொலையும் அடங்கும். தற்கொலை செய்துகொண்டவரை ஊர் மண்ணில் புதைக்க மாட்டார்கள், "கெட்ட காடு" என்று ஒதுக்கிய இடத்தில் போடுவார்கள்.

இந்த ஒழுங்கை மெச்சிக்கொண்டே போய்விடக் கூடாது. இரட்டைக் குழந்தைகள் பிறப்பதும் ந்சோ ஆலா, பிறந்தவுடன் காட்டில் விட்டார்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட "ஓசு"க்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் மற்றவர்களோடு மணவுறவு கொள்ள முடியாதிருந்தது. கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் 1956-இல் இதை ஒழித்துச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கல்யாணப் பேச்சில் அதன் நிழல் இன்னும் விழுகிறது. 1857-இல் ஒனிட்சாவில் கிறித்துவ மிஷன் தொடங்கியபோதும் பிறகு அது உள்நாட்டுக்குப் பரவியபோதும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட இவர்கள் முதலில் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

ந்சோ ஆலா நடந்துவிட்டால் செய்தவரைத் தண்டித்தால் மட்டும் தீராது. மண் கறைபட்டுவிட்டது, அதைக் கழுவ வேண்டும். இதற்கு ந்ரியிலிருந்து ஆள் வர வேண்டும். நெற்றியும் முகமும் நிறைய "இச்சி" என்னும் கீறல் தழும்புகளும் கையில் சமாதானக் கோலும் கொண்டு அவர் வருவார். போர் நடக்கும் ஊர்களின் வழியாகவும் ஆயுதமின்றிப் போவார், யாரும் தொட மாட்டார்கள். அவரைக் கொன்றால் அந்தக் கறையைக் கழுவ இன்னொரு ந்ரிக்காரர் வர வேண்டுமே! படை ஏதுமில்லாமல் ந்ரியின் செல்வாக்கு இவ்வளவு தூரம் பரவியதற்கு இந்தச் சுத்திகரிப்புதான் அடிப்படை. ஆண்டின் கணக்கை அறிவிப்பதும், விதைக்கிழங்கு கொடுப்பதும் எஸே ந்ரியின் வேலை. பக்கத்திலுள்ள இக்போ உக்வுவில் 1938 வாக்கில் தண்ணீர்த்தொட்டி தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. 1959-60-இல் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா முறைப்படி அகழ்ந்தார். அவற்றின் காலம் 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்று கணித்தார்கள். அங்கே கிடைத்த வெண்கல முகங்களிலும் இதே மாதிரி கீறல்கள்.

நாட்காட்டியையும் சொல்லிவிடுகிறேன், கதை படிக்க உதவும். வாரம் நான்கே நாள்: ஈக்கே, ஓரியே, ஆஃபோ, ந்க்வோ. ஏழு வாரம் ஒரு மாதம், 13 மாதம் ஓர் ஆண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வேறு வேறு நாளில் சந்தை கூட்டும். ஆண் குழந்தைக்குப் பிறந்த நாளே பெயராவதும் உண்டு: ஈக்கேயில் பிறந்தவர் ஒக்கேக்கே, ஆஃபோவில் பிறந்தவர் ஒக்காஃபோ, ந்க்வோவில் பிறந்தவர் ஒக்கொங்க்வோ. பெயரைக் கேட்டதும் சந்தை நாள் தெரியும்.

காவலுக்கு ஆள் யார் என்றால், வயதுக் குழுக்கள், முன்னோர் ஆவிகளாக வரும் முகமூடியாட்டக்காரர்கள், பெண்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து திரும்பி வரும் "உமுஆடா" என்னும் பிறந்த வீட்டு மகள்கள் சாவிலும் பங்காளிச் சண்டையிலும் வைத்ததுதான் முடிவு. மனைவியை அடிப்பவன், சந்தை விதியை மீறுபவன் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து வசைப்பாட்டுப் பாடி, உலக்கையால் சுவரை இடித்து, அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நகர மாட்டார்கள். ஆங்கிலேயர் அரசனில்லாத ஊர்களில் அரசாங்கச் சான்று கொடுத்துத் தலைவர்களை உருவாக்கினார்கள். 1929-இல் ஆபா வட்டாரத்துப் பெண்கள் அந்தத் தலைவர்கள் வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்தது இதே பழைய முறைப்படிதான். இம்முறை எதிரில் துப்பாக்கி இருந்தது.

இனி ம்பாரி. வறுமையும் இல்லை, அலட்சியமும் இல்லை. இது தெற்கே ஓவெரி வட்டாரத்துக்கே உரிய பழைய வழக்கம். கொள்ளைநோய், விளைச்சல் பொய்த்தல் போன்ற ஏதோ ஒன்று நடக்கும். குறி சொல்பவர், ஆலா தனக்கொரு ம்பாரி கேட்கிறாள் என்பார். செலவு பெரியது என்பதால் ஊர் சில சமயம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும். தொடங்கியபின் ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக ஆட்களைத் தேர்ந்து, கட்டும் இடத்தைச் சுற்றிப் போட்ட வேலிக்குள் அனுப்புவார்கள். சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டுவரைகூட அவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்வார்கள். மண் சாதாரண மண் இல்லை, கரையான் புற்று மண். அதை உரலில் போட்டு உலக்கையால் இடித்து, கல்லும் வேரும் நீக்கி, பிசைந்து எடுப்பார்கள். வேலிக்குள் அதை மண் என்று சொல்லக் கூடாது, "ஜி" என்று சொல்ல வேண்டும். ஜி என்றால் வள்ளிக்கிழங்கு. இடித்துப் பிசைவது அவர்கள் கிழங்கைச் சோறாக்கும் அதே முறை என்பதை நினைத்தால் இந்தப் பெயர் புரியும். சமைத்து ஆலாவுக்குப் படைக்கிறார்கள்.

வேலி பிரித்த அன்று ஊரே கூடிப் பார்க்கும், விருந்து நடக்கும். வேலை செய்தவர்கள் சடங்கு முடித்து வீடு திரும்புவார்கள். அத்தோடு சரி. படைத்ததை யாரும் திரும்பத் தொடுவதில்லை. கூரை ஒழுகினால் வேய்வதில்லை, கை உடைந்தால் ஒட்டுவதில்லை. புற்றிலிருந்து வந்த மண் மழையில் கரைந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. மறுபடி அவள் கேட்டால் புதிதாக இன்னொன்று கட்டுவார்கள். பழைய படத்துக்குக் கீழே "பராமரிப்பில்லை" என்று எழுதியவர் கோயில் கும்பாபிஷேகக் கணக்கையோ அருங்காட்சியகக் கணக்கையோ வைத்துப் பார்த்திருக்கிறார். பின்னாளில் சிமெண்டிலும் ம்பாரி உருவங்கள் செய்தார்கள். அவை கரைவதில்லை. அதனால் இன்னொன்று கட்டச் சொல்லிக் கேட்க ஆலாவுக்குக் காரணமும் இல்லாமல் போகிறது.

படத்தை மறுபடி பாருங்கள். நடுவில் கையில் கத்தியோடு, மடியிலோ பக்கத்திலோ குழந்தையோடு உட்கார்ந்திருப்பவள் ஆலா. பக்கத்தில் ஆண் உருவம் இருந்தால் பெரும்பாலும் இடிக்கடவுள் அமாடியோஹா. தரையில் ஒரு குழியிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் இடுப்பளவு எழுந்து நிற்கிறாரா என்றும் பாருங்கள். இருந்தால் அது வெள்ளைக்கார அதிகாரி, படம் 1900-க்குப் பிறகான ம்பாரியுடையது.